டிஸ்எபிலிட்டி பென்ஷன்: மெடிக்கல் போர்டு முன்னால் உட்காரும் முன்பு

வள்ளியூருக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். பீரங்கிப் படையில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பிய அண்ணாச்சி. இரண்டு காதும் மந்தம். நான் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜுக்கு முன்பு அவரைச் சோதித்த ராணுவ மருத்துவர் குழு, அதாவது மெடிக்கல் போர்டு, கொடுத்த தாளை நீட்டினார். அதில் இரண்டே விஷயங்கள்: ஊனம் 15 முதல் 19 சதவீதம், பணியோடு தொடர்பில்லை. "இதைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். "பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்றார்.

இருபத்து நான்கு ஆண்டுகள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவருடைய காதுக்கும் அவர் பார்த்த பணிக்கும் தொடர்பில்லையாம்.

ராணுவப் பணியால் ஊனமானவருக்குத் தரும் டிஸ்எபிலிட்டி பென்ஷனுக்கான விதி சிறியதுதான். ஊனமோ நோயோ ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். அதன் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 100 சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், வழக்கமான பென்ஷனுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். 50-க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இப்படி உயர்த்தும் சலுகை என்று அரசு சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. நான் இங்கே சொல்லும் விதியும் கணக்கும் அதற்கு முன்பு டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு; போர்டுக்குப் போவது பற்றிய யோசனைகள் எல்லோருக்கும்.

இப்போது 19-க்கும் 20-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்று எழுதினால் அது 50 ஆகி, மாதம் 6,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் வரும். 19 என்று எழுதினால் ஒரு காசு கிடையாது. "15 முதல் 19" என்ற எழுத்தை நான் எத்தனை தாள்களில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். உங்கள் தாளில் அது இருந்தால் விதி என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். சதவீதத்தை எதிர்த்தும் மேல்முறையீடு செய்யலாம். நோயைக் காரணம் காட்டிப் படையே வெளியேற்றிய ஒருவருக்கு ஊனம் 20-க்கு மேல் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில், அதுவும் 2014-ல்தான், உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சதவீதத்தைவிடப் பெரிய பள்ளம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் எதிரே மூன்று கேள்விகள் இருக்கும்: பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இரண்டும் இல்லையா. இரண்டும் இல்லை என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பட்டாளத்துக்காரர்கள் 'நானா' என்பார்கள். 'உன் நோய்க்குக் காரணம் நானா?' என்று அரசாங்கம் கேட்பதாகவே நான் அதைப் படித்துக்கொள்வேன்.

அதற்குப் பதில் 2013 ஜூலையிலேயே தரம்வீர் சிங் வழக்கில் கிடைத்துவிட்டது. ஆள் சேர்ப்பின்போது மருத்துவர் எந்தக் குறையும் எழுதவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகத்தான் கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று போர்டு சொன்னால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. ஆகவே தாள் கைக்கு வந்ததும் காரணம் எழுதும் இடத்தைப் பாருங்கள். "அமைதிப் பகுதியில் தொடங்கியது" என்று ஒரு வரியோடு முடித்திருக்கிறார்களா? அல்லது வெறுமையாக விட்டிருக்கிறார்களா? உங்கள் மேல்முறையீடு அங்கேதான் தொடங்குகிறது.

போர்டுக்கு இன்னும் போகாதவர்களுக்குச் சில வார்த்தைகள். மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறேன், சார்" என்று சொல்லும் பட்டாளத்துப் பழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். அவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போய் மிடுக்காக நடந்து காட்டாதீர்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். எத்தனை படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது என்று சொன்னால் போதும். உங்கள் வாக்குமூலப் பகுதியில் நோய் எந்த ஆண்டு, எந்த யூனிட்டில், எந்த இடத்தில் தொடங்கியது என்று எழுதுங்கள். கிளார்க் நிரப்பித் தருவார் என்று விட்டால், பனிமலையில் நின்ற இரண்டு ஆண்டுகள் தாளில் இருக்காது.

புரமோஷன் போய்விடுமே என்று நோயை மறைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். ஷேப்-1 என்ற முழுத்தகுதியோடு வெளியே வந்தவருக்கு, வலி எலும்பில் இருக்கும், ஏட்டில் இருக்காது. பணியில் இருக்கும் தம்பிமார் இதைப் படித்தால் அடிபட்ட அன்றே காய அறிக்கை எழுதவைத்து நகல் வாங்குங்கள். யூனிட் நடத்திய வாலிபால் ஆட்டத்தில் கால் முறிந்தால் அதுவும் பணிதான். லீவில் வந்து நாங்குநேரி நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தால் கதை வேறு; பணியோடு தொடர்பு காட்ட முடியாவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு வீண் அலைச்சல்: பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கிக்கொண்டு, "இதை வைத்து டிஸ்எபிலிட்டி பென்ஷன் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அது வேறு சட்டம், வேறு சலுகை. ராணுவப் பென்ஷனுக்கு ராணுவ மெடிக்கல் போர்டு போடும் கணக்குதான் செல்லும்.

அலுவலக அலைச்சலைச் சொல்லாமல் விட முடியாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை அனுப்பிவைக்கும், முடிவு எடுக்காது. பென்ஷன் பணம் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகம் வழியாக, ஸ்பர்ஷ் என்ற இணையப் பென்ஷன் முறையில் வரும். அவர்கள் உங்கள் காதைப் பார்க்கப்போவதில்லை. உங்கள் கோப்பு இருப்பது ரெக்கார்டு ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக். எழுதுவது அங்கேதான். ஓர் அலுவலகத்தில் ஒரு விதவைத் தாயை ஆறு தடவை "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழாவது தடவைதான் "இது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். களக்காட்டிலிருந்து வந்துபோகும் பஸ் கட்டணத்தை யார் கொடுப்பது?

ஆகையால் வாய்ப்பதிலுக்காக அலையாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சேர்ப்பின்போது எடுத்த மருத்துவத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் டிரங்குப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவதற்கு இன்னோர் ஆறு மாதம். அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, சென்னையில் அதன் கிளை இருக்கிறது. தாமதமாகிவிட்டால் காரணம் எழுதி மன்னிக்கக் கேட்கலாம். வருகிற அரியரில் பாதி என்று பேரம் பேசி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வள்ளியூர் அண்ணாச்சிக்கு நாசிக்கிலிருந்து சேர்ப்புத் தாளின் நகல் வந்தது. இரண்டு காதுக்கும் எதிரே 600 செ.மீ. என்று இருக்கிறது, அதாவது இருபது அடி தூரத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஆறு மாதக் கெடு எப்போதோ போய்விட்டதால், தாமதத்துக்குக் காரணம் சொல்லும் கடிதத்தையும் சேர்த்து மேல்முறையீட்டை அனுப்பினோம். ரசீதை டிஸ்சார்ஜ் புக்குக்குள் வைத்திருக்கிறார்.