செட்: தாரைத் திருத்தி

யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களின் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில், உரைக்கோப்பின் வரிகளை மாற்றப் பயன்படும் ‘செட்’ என்னும் கட்டளையின் பெயர், ‘ஸ்ட்ரீம் எடிட்டர்’ என்பதன் சுருக்கம். செட் தோசைக்கும் இதற்கும் உறவில்லை. இதன் உறவு ‘எட்’ என்னும் முன்னோடியோடுதான். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய எட், திரை இல்லாமல் தாளில் அச்சிடும் தொலைதட்டச்சுப் பொறிகளின் காலத்தைச் சேர்ந்தது. ஆகவே எந்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஓரிரு எழுத்துக் கட்டளைகளால் அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. கோப்பு முழுவதையும் உள்வாங்கிக்கொண்டு பயனரின் கட்டளைக்காகக் காத்திருப்பது அதன் இயல்பு. அதே ஆய்வகத்தின் லீ மக்மஹன் 1973–74-இல் அக்கட்டளைகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, காத்திருக்கும் இயல்பை மட்டும் நீக்கி உருவாக்கியதே செட். 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் வழியே அது பரவியது.

பெயரின் முதற்பகுதியான, ஓட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீம்’தான் பொருள் நிறைந்தது. செட் ஒரு வரியை எடுத்துத் தற்காலிக இடமொன்றில் வைத்து, கொடுத்த கட்டளைகளை அதன்மேல் செலுத்தி, வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வரியை எடுக்கிறது. மூலக்கோப்பு தொடப்படுவதில்லை, விளைவு திரைக்குப் போகிறது. இதை அறியாதவர்கள், திரையில் மாறிய வரி கோப்பில் ஏன் மாறவில்லை என்று திகைத்து, வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பிவிடுவதுண்டு. அப்போது செட் படிக்கத் தொடங்குமுன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். லினக்ஸில் பொதுவாகக் காணப்படும் செட் வடிவமான குனு செட்டில் உள்ள ‘ஐ’ என்னும் விருப்பத்தேர்வு கோப்பையே திருத்துவதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது புதிய தற்காலிகக் கோப்பொன்றில் எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது.

எனவே தமிழ்ப்பெயர் இந்த ஓட்டத்தைக் காட்ட வேண்டும். ‘ஓடை’ என்பது செய்தியோடை என்ற வழக்கில் வேறொரு பொருளுக்கு நிலைத்துவிட்டது. ‘ஒழுக்கு’ என்பது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது: சோற்றுக் கையோடு செல்லும் சிறுவர்களை முட்டை சுமந்து செல்லும் எறும்பின் ‘சில்லொழுக்கு’க்கு ஒப்பிடும் புறநானூற்று 173-ஆம் பாடலில், ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வரிசையையே அச்சொல் குறிக்கிறது. ஆயினும் இன்றைய வாசகருக்கு ஒழுக்கு என்றால் மழையில் ஒழுகும் கூரைதான் நினைவுக்கு வரும். இடையறாத வீழ்ச்சியைக் குறிக்கும் ‘தாரை’ வடசொல்லே எனினும் கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. எடிட்டருக்குத் ‘தொகுப்பான்’ என்பதும் வழக்கிலுண்டு. ஆனால் செட் எதையும் தொகுப்பதில்லை. ஆகவே ‘தாரைத் திருத்தி’ என்பதே என் தேர்வு. கட்டளையாகத் தட்டச்சிடும்போது செட் செட்டாகவே இருக்கும். இத்தமிழ்ப்பெயர் விளக்கவுரைக்கு உரியது.

‘வரியை மாற்று’ என்று தமிழில் ஒரே தொடரால் சொல்வதற்குச் செட்டில் இரண்டு கட்டளைகள் உள்ளன. இவற்றைப் பிரித்துச் சொல்லாவிட்டால் பிழை நேரும். ‘எஸ்’ என்பது வரிக்குள் பொருந்தும் பகுதியை மட்டும் நீக்கி அவ்விடத்தில் வேறொன்றை வைப்பது. இதைப் ‘பதிலிடல்’ எனலாம். ‘சி’ என்பது பொருந்தும் வரியையே முழுதாக நீக்கிப் புதுவரி வைப்பது; ‘வரி மாற்றல்’ என்னும் பெயர் இதற்கே உரியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழங்கியின் அமைப்புக்கோப்பில், இணைப்பு வாயிலின் எண்ணைச் சொல்லும் போர்ட் 22 என்னும் வரி பொதுவாக முன்னே ஹேஷ் குறியோடு, அதாவது வெறும் குறிப்புரையாகவே இருக்கும். அங்கே 22-க்குப் பதில் 2222 என்று பதிலிட்டால் எண் மாறும், ஹேஷ் குறி நிற்கும், வழங்கி பழைய போர்ட்டிலேயே இயங்கும். இதற்குமேல், 22 என்னும் இலக்கங்கள் வரும் வேறு வரிகளும் சிதையும். ஹேஷ் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போர்ட் என்று தொடங்கும் வரியைத் தேடி வரி மாற்றல் செய்தால் இவ்விரு தொல்லையும் இல்லை. குனு செட்டில் புதுவரியைக் கட்டளையை அடுத்து அதே வரியிலேயே எழுதலாம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத்தரமான போசிக்ஸின்படியோ ‘சி’க்குப்பின் பின்சாய்கோடு இட்டு, அடுத்த வரியில் எழுத வேண்டும்.