மானியத்தின் கடைசித் தேதி

2023 மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, கிருஷ்ணகிரியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் சித்தப்பா மகனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். விற்பனையாளர் ஒரே தாளில் இரண்டு விலைகளை எழுதிக் காட்டினார். “புதன்கிழமைக்குள்ள பில் போட்டுட்டா இந்த விலைங்கண்ணா, வியாழக்கிழமை வந்தீங்கன்னா இது” என்றார். வண்டி ஒன்றுதான், பேட்டரி ஒன்றுதான், தம்பி பிடித்துவைத்திருந்த சாம்பல் நிறம்கூட ஒன்றுதான். இரண்டு விலைகளுக்கும் இடையே நின்ற இருபதாயிரத்துச் சொச்சம் ரூபாய், ஒன்றிய அரசின் ஓர் அறிவிக்கையிலிருந்து பிறந்தது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அரசின் கொள்கை என்பது எவ்வளவு நுணுக்கமான கருவி என்பது விளங்கும். மின்வாகனம் வாங்குவதற்கு ஒன்றிய அரசு மானியம் தந்த ஃபேம் என்ற திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2021 ஜூன் முதல், பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 15,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தது. ஆனால் அது வண்டியின் ஆலை விலையில் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2023 ஜூன் 1 முதல் யூனிட்டுக்கு 10,000 ரூபாய் என்றும், உச்சவரம்பு 15 விழுக்காடு என்றும் அது குறைக்கப்பட்டது. ஆலை விலை 1,20,000 ரூபாயும் பேட்டரி 3 யூனிட்டும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 45,000 ரூபாய் மானியம். புதிய விதிப்படி யூனிட் கணக்கில் 30,000 வந்தாலும், உச்சவரம்பு குறுக்கே நின்று 18,000-இல் நிறுத்திவிடும். வெளியே பேசப்பட்டதெல்லாம் யூனிட்டுக்கு 5,000 ரூபாய் குறைந்ததைப் பற்றித்தான். உண்மையில் வெட்டியது அந்த 15 விழுக்காடு.

அந்த மே மாதத்தில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார இருசக்கர வாகனங்கள் பதிவாயின. ஜூன் மாதத்தில் அது 50,000-க்கும் கீழே இறங்கியது. இதை வைத்து மானியம் போனால் மின்வண்டியும் போய்விடும் என்று அப்போது எழுதியவர்கள் பலர். அது அவசர முடிவு என்பது என் எண்ணம். ஜூலையிலோ தீபாவளிக்கோ வாங்கவிருந்தவர்கள் மே மாதத்துக்குள் முண்டியடித்ததால்தான் மே அவ்வளவு உயரமாகவும் ஜூன் அவ்வளவு பள்ளமாகவும் தெரிந்தன. எங்கள் தம்பியே ஆடி கழித்து வாங்கலாம் என்றிருந்தவன்தான்.

அதே திட்டம் இன்னொரு பாடத்தையும் தந்தது. ஆலை விலை 1,50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மானியம் இல்லை என்ற வரம்பு இருந்ததால், சார்ஜருக்கும் மென்பொருளுக்கும் தனியாகப் பில் போட்டு வண்டியின் விலையைக் கோட்டுக்குக் கீழே வைத்திருந்த வழக்கம் சில நிறுவனங்களிடையே பரவி, அரசு விசாரித்த பின் சார்ஜருக்கு வாங்கிய பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. கோடு எங்கே கிழிக்கப்படுகிறதோ, அதை ஒட்டியே சரக்கும் அதன் பில்லும் வடிவம் பெறும்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். தூய ஆற்றலுக்கு மட்டும் அரசின் கை ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? இதற்கு எங்கள் மாவட்டத்துத் தோட்டங்களிலேயே விடை இருக்கிறது. நிலக்கரி மின்நிலையம் தக்காளிப் பயிரைப் போன்றது: நாற்று, உரம், குச்சி, கூலி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் செலவு உண்டு, விலை விழுந்தால் அடுத்த பருவம் நடாமல் விட்டுவிடலாம். சூரிய மின்நிலையமோ மாந்தோப்பு. செலவில் பெரும்பகுதி நடும்போதே முடிந்துவிடும். அதன்பின் வெயில் இலவசம், பராமரிப்பு சொற்பம். ஆனால் போட்ட முதல் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே தக்காளி போடுபவருக்கு ஒரு வருடக் குத்தகை போதும். மா வைப்பவர் நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் இல்லாமல் ஒரு கன்றுகூட ஊன்றமாட்டார்.

இதை எண்ணில் காணலாம். ஒரு மெகாவாட் சூரிய நிலையம் அமைக்க 4 கோடி ரூபாய் ஆகிறது என்றும், அது ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் தருகிறது என்றும், பணத்தை 25 ஆண்டுகளில் சமமான தவணைகளாகத் திருப்ப வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி 12 விழுக்காடு என்றால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 51 லட்சம். யூனிட்டின் அடக்கவிலை 3 ரூபாய் 19 காசு. அதே நிலையத்துக்கு 8 விழுக்காட்டில் கடன் கிடைத்தால் தவணை 37.5 லட்சமாகி, யூனிட் 2 ரூபாய் 34 காசுக்கு வந்துவிடும். சூரியத் தகடும் வெயிலும் மாறவில்லை. 85 காசு குறைந்தது முழுக்க முழுக்கக் கடன் கொடுப்பவரின் அச்சம் குறைந்ததால். நிலக்கரி நிலையத்தின் செலவில் பாதிக்குமேல் எரிபொருளாகவே இருப்பதால், வட்டி ஏறி இறங்குவது அதை இவ்வளவு ஆட்டாது.

ஆக, அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பணம் கொடுப்பது அல்ல. 25 ஆண்டுகளுக்கு இன்ன விலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று நம்பத்தக்க வகையில் எழுதிக் கொடுப்பது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைத்தான் செய்தது: கூரையில் தகடு வைத்தவருக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை. தமிழ்நாட்டிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. கமுதியின் 648 மெகாவாட் நிலையம் அந்த விலையை நம்பி எழுந்ததே. விலையை அரசே சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. தகடுகளின் விலை உலகச் சந்தையில் ஆண்டுதோறும் சரியும்போது, அரசு குறித்த எண் உடனே பழசாகிவிடும். அதனால்தான், யார் குறைந்த விலைக்குத் தருகிறீர்கள் என்று தலைகீழாக ஏலம் விடும் முறை வலுப்பெற்றது. 2017-இல் ராஜஸ்தானின் பாட்லா ஏலம் 2 ரூபாய் 44 காசில் முடிந்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலம் 1 ரூபாய் 99 காசைத் தொட்டது. நீண்ட காலப் பத்திரம் என்ற உறுதி அப்படியே இருக்க, எண்ணை மட்டும் போட்டி கண்டுபிடிக்கிறது.

காற்றாலைகளின் கதை வேறு வகை. ஓசூரின் சில தொழிற்சாலைகள் ஓடுவது தெற்கே ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் சுழலும் காற்றாடிகளின் மின்சாரத்தில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2005-ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, ஒரு மின்நிலையத்தில் நுகர்வோர் 26 விழுக்காடு பங்கு வைத்து, அதன் உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் பயன்படுத்தினால் அது அவர்களின் சொந்த மின்நிலையமாகக் கருதப்படும். வெளியாரிடம் வாங்கினால் கட்டவேண்டிய கூடுதல் கட்டணம் அதற்கு இல்லை. அதற்கும் முன்பிருந்தே தமிழகக் காற்றாலைகளை வளர்த்த கருவி, வருமான வரிச் சட்டத்தின் விரைவுத் தேய்மானம். ஒரு கோடி ரூபாய்க்கு எந்திரம் வாங்கியவர் முதல் ஆண்டிலேயே 80 லட்சத்தைத் தேய்மானமாகக் காட்டி, வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொண்டார். 30 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு அந்த ஆண்டில் 24 லட்சம் கையில் நின்றது. நூற்பாலை முதலாளிகளும் சிமெண்ட் ஆலைக்காரர்களும் காற்றாடி நட்டதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. காற்றாடியை நட்டாலே வரிச்சலுகை கிடைத்துவிடும். அது எவ்வளவு சுழன்றது என்பதை வரித்துறை கேட்பதில்லை. ஆகவே 2009-இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்ற ஊக்கத்தொகை மாற்றாக வந்தது. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதுதான் விளையும் என்பதால், கொள்கை வகுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பேன். பின்னர் 2012-இல் இரண்டு சலுகைகளும் ஒரே நேரத்தில் நின்றன. முந்தைய ஆண்டில் 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த புதிய காற்றாலைகள், அடுத்த ஆண்டில் ஏறக்குறைய பாதியாயின. ஸ்கூட்டர் கடையில் கண்ட அதே மே, அதே ஜூன்.

பழையதை விலையேற்றுவது இன்னொரு வழி. 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய ஆற்றல் வரி, 2016-இல் 400 ரூபாயானது. ஒரு டன் நிலக்கரியில் சுமார் 1,450 யூனிட் கிடைக்கும் என்று கொண்டால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 28 காசு. சிறிய தொகை அல்ல. ஆனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அது மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வரியாகப் பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, நிலக்கரியின் ஜிஎஸ்டி 5-இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது.

மானியமும் வரியும் இல்லாமலே வென்ற கருவி ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்.இ.டி. பல்புகளைப் பொதுத்துறை நிறுவனமொன்று கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்கள் நேரில் காணும் கருவி, உற்பத்திக்குக் கொடுக்கப்படும் ஊக்கம். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் என்று மின்வண்டி ஆலைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதற்குப் பெங்களூரின் நெருக்கமும் பழைய வாகனத் தொழிலின் கைத்திறனும் முதற்காரணங்கள். அதன்மேல் மாநில அரசின் மின்வாகனக் கொள்கையும், ஒன்றிய அரசு வாகனத் துறைக்கு ஒதுக்கிய 25,938 கோடி ரூபாய் ஊக்கத் திட்டமும் சேர்ந்தன. உற்பத்தியாளருக்குத் துணைநிற்கும் கருவி பயனாளிக்குச் சுமையாவதும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது, உள்நாட்டு ஆலைகள் மூச்சுவிட்டன. கூரையில் தகடு வைக்கக் காத்திருந்தவரின் மதிப்பீட்டுத் தாள் கனத்தது.

கூரை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் தருகிறது. 2024-ஆம் ஆண்டுக் கட்டணப்படி, தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட் எரிக்கும் தர்மபுரி வீடு ஒன்று 100 யூனிட்டுக்கு மட்டும், அதுவும் யூனிட் 5 ரூபாய்க்குள், பணம் கட்டுகிறது. ஒரு கிலோவாட் தகடு அந்த வீட்டுக்கு இரண்டு மாதத்தில் மிச்சமாக்குவது 500 ரூபாய்கூட இல்லை. 1,100 யூனிட் எரிக்கும் வீட்டில் அதே தகடு, 11 ரூபாய்க்கு மேல் உள்ள உச்ச ஸ்லாபிலிருந்து வெட்டத் தொடங்குவதால், 2,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாக்கும். மானியம் இருவருக்கும் ஒன்றே, ஏ.சி. இருக்கும் வீட்டில்தான் அது பலிக்கிறது.

இப்படி ஒரு கொள்கை இன்னொன்றின் காலை வாரிவிடுவதன் உச்சத்தைப் பாலக்கோட்டில் என் மாமாவின் மோட்டார் கொட்டகையில் பார்க்கலாம். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு, தக்காளிக்குச் சொட்டுநீர், பக்கத்தில் கொஞ்சம் சாமந்தி. 1984-இல் சிறு, குறு உழவர்களுக்கும் 1990-இல் எல்லா உழவர்களுக்கும் தமிழ்நாடு அரசு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் உயிர்ப்பலி கொடுத்துப் போராடிய மாநிலத்தில், அந்த முடிவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யூனிட் விலை பூஜ்யமாக உள்ளவரிடம், 60 விழுக்காடு மானியம் போக மீதியைக் கட்டிச் சூரிய பம்புசெட் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் எதற்காக வைப்பார்? இணைப்புக்காக வரிசையில் காத்திருப்பவர் வைப்பார். மும்முனை மின்சாரம் வந்துகொண்டிருப்பவர் வைக்கமாட்டார்.

இந்த முடிச்சை அவிழ்க்க, உழவர்களின் சூரிய பம்புகளுக்காக ஒன்றிய அரசு 2019-இல் கொண்டுவந்த குசும் திட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த பம்புக்குத் தகடு வைத்து, இறைத்தது போக மீதி மின்சாரத்தை உழவரே விற்கலாம். அப்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை பிறந்துவிடுகிறது. தேவையின்றி மோட்டார் ஓடினால் விற்றிருக்கக்கூடிய காசு போகிறது என்பதால் உழவரே மோட்டாரை நிறுத்துவார், நிலத்தடி நீரும் மிஞ்சும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் 2016-இல் ஆறு உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மின்வாரியத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்கத் தொடங்கினர்.

மாமாவிடம் இதை விளக்கினேன். மற்ற விவசாய இணைப்புகள் பலவற்றைப் போல அவர் கொட்டகையிலும் மீட்டர் கிடையாது. விற்பதென்றால் முதலில் மீட்டர் வைக்க வேண்டும். அவர் ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கத்தில் காலியாக இருந்த பலகையைப் பார்த்தார். “மீட்டர் வெச்சா இன்னைக்குக் காசு வரும், நாளைக்குப் பில் வரும் மாப்ள” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பக்கத்து ஊர்ல யாராவது வைக்கட்டும். ரெண்டு வருசம் அவங்களுக்குப் பணம் தேதி தவறாம வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார்.