கும்மாயம் ஏன் இறுகுகிறது?

குழம்போ பாகோ, கெட்டிப்பட இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீரை ஆவியாக்கி விரட்டுவது. இன்னொன்று, தண்ணீர் அங்கேயே இருக்க, அதை ஓட விடாமல் கட்டிப்போடுவது. முதல் வழியைச் சுண்டவைப்பது என்கிறோம். ஆங்கிலத்திலும் இதற்கென்று 'இன்ஸ்பிஸேட்' என்ற அரிதான சொல் உண்டு. அடர்ந்தது என்று பொருள்படும் 'ஸ்பிஸ்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்தான் அதன் வேர்.

செட்டிநாட்டு இனிப்பான ஆடிக்கும்மாயத்தில் இந்த இரண்டு வழியும் ஒரே வாணலியில் நடக்கின்றன. வறுத்த உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி அரைத்த மாவு, கருப்பட்டிக் கரைசல், தாராளமாக நெய். அவ்வளவுதான் சரக்கு.

மாவை நெய்யில் வறுப்பது மணத்துக்காக மட்டுமல்ல. வெறும் மாவைக் கொதிநீரில் கொட்டினால் குவியலின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். கட்டி தட்டுவது இப்படித்தான். நெய் பூசிய துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே பிரிகின்றன.

சூடு 70 டிகிரியை நெருங்கும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் (மாவுச்சத்து) மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். அமிலோஸ் என்ற நீளமான மூலக்கூறுகள் அவற்றிலிருந்து வெளியே கசியும். தேரோட்டக் கூட்டம் மாதிரி, நகர இடமில்லாமல் எல்லாம் நெருக்கும். கருப்பட்டி இதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் மாவு வேகக் கூடுதல் சூடு வேண்டும். அடுப்படியில் பொறுமை இல்லாதவர்களின் கும்மாயத்தில் பச்சை மாவு வாடை அடிப்பது இதனால்தான். கிண்டக் கிண்டத் தண்ணீரும் ஆவியாகிப் போகிறது. கலவை இறுகி, தாங்க முடியாத நெய்யை ஓரத்தில் கக்குகிறது. அதுதான் பதம். ஆறும்போது அமிலோஸ் இழைகள் மறுபடி பிணைந்து இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குவது நல்லது.

கசகசாவும் தேங்காயும் அரைத்து ஊற்றிய குழம்பு வேறு ரகம். அங்கே ஸ்டார்ச்சுக்குப் பெரிய வேலையில்லை. நுண்ணிய துகளும் எண்ணெய்த் துளியும் நெருங்கி ஓட்டத்தைத் தடுக்கின்றன.

அப்புறம், நீர்த்துப்போன வத்தக்குழம்பில் அரிசி மாவைக் கரைத்து ஊற்றும் குறுக்குவழி. பார்வைக்குக் கெட்டிதான். ஆனால் ஸ்டார்ச் பிடித்துவைத்த தண்ணீரைக் கிருமிகள் எளிதாகப் பயன்படுத்திக்கொள்ளும். சுண்டக் காய்ச்சிய குழம்பிலோ தண்ணீர் குறைந்து, உப்பும் புளிப்பும் செறிந்துவிடுவதால் அவை வளரத் திணறும். மாவு ஊற்றியது சீக்கிரம் ஊசிப்போகும். சுண்டியது நாள்பட நிற்கும்.