வாரம் ஒரு மணி நேர விளையாட்டும் பதினேழு வயது மனமும்

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986-87ஆம் ஆண்டுகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத, 9 முதல் 24 மாதம் வரையான 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் பால் சத்துணவு வழங்கப்பட்டது. இன்னொரு குழுவின் வீடுகளுக்குச் சமுதாய நலப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று தாயோடும் குழந்தையோடும் விளையாடினார். மூன்றாம் குழுவுக்கு இரண்டும் கிடைத்தன, நான்காம் குழுவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்துவிட்டது.

அவர்களில் 103 பேரை 17, 18 வயதில் மீண்டும் கண்டறிந்து பரிசோதித்தபோது, வீட்டில் அந்த விளையாட்டைப் பெற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாகவும் தன்மதிப்பு கூடுதலாகவும் இருந்தன. சத்துணவால் இத்தகைய மாற்றம் தென்படவில்லை. பால் வீண் என்று இதற்குப் பொருளில்லை; குழந்தைப் பருவ வளர்ச்சிக்கு அது உதவவே செய்தது. ஆனால் வளரிளம் பருவத்து மனம் வரை வந்து சேர்ந்தது விளையாட்டுதான்.

பணியாளரின் கவனம் குழந்தையிடம் மட்டும் இருக்கவில்லை என்பதே இதில் முக்கியம் என்று கருதுகிறேன். எளிய பொருட்களால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தை சுட்டும் பொருளுக்குப் பெயர் சொல்வது, அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி தருவது, சிறு முயற்சியையும் பாராட்டுவது ஆகியவற்றை அவர் தாய்க்குப் பழக்கினார். அவர் விடைபெற்ற பிறகும் வாரத்தின் எஞ்சிய 167 மணி நேரத்துக்கு அந்தப் பழக்கம் வீட்டில் தங்கிவிடும்.

அது உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது? குழந்தை அஞ்சும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியையும், அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளையும் தூண்ட, கார்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அதைத் தானாகத் தணித்துக்கொள்ளும் திறன் கைக்குழந்தைக்கு மிகக் குறைவு. பழகிய குரலும் அணைப்புமே அதைத் தணிக்கின்றன. இவ்வாறு மீண்டும் மீண்டும் தணிக்கப்படும் குழந்தையின் உடல், உணர்ச்சி எழுவதைப் போலவே அடங்கவும் பழகுகிறது. உணர்ச்சியை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதி வேகமாக வளரும் காலமும் அதுவே.

எல்லா விளைவும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடவில்லை. சமூக விரோத நடத்தையில் 18 வயது வரை குழுக்களிடையே தெளிவான வேறுபாடு இல்லை. 22 வயதில்தான், சிறுவயதில் அந்த விளையாட்டைப் பெற்றவர்கள் சண்டைகளிலும் கடும் வன்முறையிலும் குறைவாக ஈடுபட்டது தெரியவந்தது.