பாய்வது குண்டு, தோட்டா அல்ல

‘இந்தத் தோட்டாவில் 180 தானியத் தோட்டா பொருத்தப்பட்டுள்ளது.’ பெரிய விலங்கு வேட்டைக்கான ரைஃபிள்களை ஒப்பிடும் கட்டுரைகள் தமிழுக்கு வரும்போது இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தோட்டாவுக்குள் எப்படித் தோட்டா இருக்கும்? ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் வேறு, புல்லட் வேறு. தமிழிலும் அதற்கு இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன: துப்பாக்கியில் போடும் முழுப் பொருள் தோட்டா, அதன் முனையிலிருந்து பாய்வது குண்டு. அதில் ஒன்றை எடுத்து இரண்டு வேலைக்கும் போட்டுவிட்டால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தாலியில் காகிதச் சுருளைக் குறித்த கார்ட்டோச்சோ பிரெஞ்சில் கார்ட்டூஷ் ஆகி, ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் ஆனது. வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்த காலத்துச் சொல் அது. புல்லட், பிரெஞ்சில் சின்ன உருண்டை. நம் குண்டும் உருண்டைதான். தோட்டா இந்துஸ்தானி வழியாக வந்தது. அங்கேயும் மருந்து அடைத்த குழல் என்றுதான் பொருள்.

அந்தப் பொருள் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் பாறையில் துளை போட்டுத் தோட்டா வைத்து வெடிக்கிறார்கள். அதில் பாய்வதற்கு ஒன்றுமே கிடையாது, வெறும் மருந்துக் குழல். ஆகவே ‘நெஞ்சில் தோட்டா பாய்ந்தது’, ‘உடலிலிருந்து தோட்டாவை அகற்றினர்’ என்று எழுதுவது எவ்வளவு பழகியிருந்தாலும் தவறுதான். சுட்ட பிறகு தோட்டாவின் உறை துப்பாக்கிப் பக்கமே தங்கிவிடுகிறது. பாய்வது அதன் முனையில் இருந்த குண்டு மட்டும். இலங்கைத் தமிழில் அதற்குச் சன்னம் என்று ஒரு நல்ல சொல்லும் உண்டு.

சரி, பழகிய தவறு, போகட்டும் என்று விட முடியுமா? குண்டு எப்படிப் பாய்கிறது என்று ஆராயும் எறியியலில் முடியாது. (பாலிஸ்டிக்ஸ் கிரேக்கத்தில் எறிதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, எறியியல் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.) மூன்று தோட்டாக்களைப் பாருங்கள்: .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம். மூன்றும் சுடுவது ஒரே விட்டமுள்ள குண்டு, 0.308 அங்குலம். பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து .308 தான் பெரியது என்று நினைப்பவர்கள் உண்டு. .30-06-இல் 06 என்பது அது வந்த 1906-ஆம் ஆண்டு, அவ்வளவே. வேறுபடுவது உறையின் கொள்ளளவும் அதில் எரியும் மருந்தும். அதே 180 கிரெய்ன் (11.7 கிராம்) குண்டு .308-இலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகத்தில் புறப்படும், .30-06-இலிருந்து 820, மேக்னத்திலிருந்து 900. குழல்வாயில் ஆற்றலோ முறையே 3,700, 3,950, 4,750 ஜூல் அளவில் இருக்கும். அதாவது புறப்படும் வேகம் பெரும்பாலும் தோட்டாவின் கணக்கு. குழலை விட்டு வெளியே வந்ததும் தோட்டாவுக்கு வேலை இல்லை. காற்றை எப்படிக் கிழிக்கும், 300 மீட்டரில் எவ்வளவு தாழும், பக்கக் காற்றுக்கு எவ்வளவு விலகும், விலங்கின் உடலில் எவ்வளவு ஆழம் போகும் என்பதெல்லாம் அந்த வேகத்தோடு குண்டின் எடை, வடிவம், கட்டுமானம் ஆகியவை சேர்ந்து தீர்மானிப்பவை. மூஸ் மானுக்கு எது போதும், ஆப்பிரிக்க எருமைக்கு ஏன் 1912-இல் வந்த .375 மேக்னத்தையும் அதன் 300 கிரெய்ன் குண்டையும் தேடுகிறார்கள் என்ற விவாதமே இந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தோட்டா என்றே எழுதினால் எந்தக் கணக்கைப் பேசுகிறோம் என்று எப்படித் தெரியும்?

இதற்குத் தீர்வாக வெடியுறை என்று ஒரு சொல்லாக்கத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். தோட்டா தமிழ் இல்லையாம், கார்ட்ரிட்ஜுக்கு வெடியுறைதான் சரியாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. உறை என்றால் மூடியிருப்பது. தோட்டாவில் நான்கு பாகம் உண்டு: பித்தளை உறை, உள்ளே மருந்து, அடியில் ஊசி அடித்ததும் பொறி தரும் கேப், முனையில் குண்டு. நான்கில் ஒன்றின் பெயரை மொத்தத்துக்கும் வைத்துவிட்டால், அந்த ஒன்றை அப்புறம் எப்படி அழைப்பது? வெடியுறையின் உறையா? சுட்ட பின் கீழே விழும் வெற்று உறையைக் ‘காலி வெடியுறை’ என்பார்களா, ‘வெடித்த வெடியுறை’ என்பார்களா? உறை வெடிப்பதும் இல்லை. அது வெடித்தால் சுடுகிறவருக்கு ஆபத்து. ஒரு குழப்பத்தை நீக்க வந்த சொல் புதிதாக ஒரு குழப்பத்தைக் கூட்டி வருகிறது. தூய்மை பற்றிய கவலை எனக்கும் உண்டு, தமிழில் நல்ல சொல் கிடைத்தால் முதலில் எடுப்பவன் நான். ஆனால் துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். அதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் போகும் தோட்டாவை மட்டும் வாசலில் நிறுத்துவது நியாயமே இல்லை. கல் உடைப்பவர் முதல் காவலர் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல்லைக் கைவிட, தூய்மையைத் தவிர வேறொரு காரணமும் வேண்டும்.

அந்தத் ‘தானியத்தையும்’ விடக் கூடாது. கிரெய்ன் ஓர் எடை அலகு, 7,000 சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு காலத்தில் தானிய மணியை வைத்து அளந்ததால் வந்த பெயர் என்பது உண்மைதான். அதற்காக 180 தானியம் என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? கிரெய்ன் என்றே எழுதி, பக்கத்தில் 11.7 கிராம் என்று ஒரு முறை போட்டால் போதும். மூலத்தை மேலோட்டமாகக்கூடப் படிக்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இது. செய்திகளில் வரும் ‘10 சுற்று சுட்டனர்’ என்பதும் அதே பழக்கத்தின் பிள்ளை. ஆங்கிலத்து ரவுண்டு அங்கே ஒரு தோட்டாவைக் குறிக்கிறது, எதுவும் சுற்றி வரவில்லை. 10 முறை சுட்டனர் என்று எழுதலாம், கையிருப்பைச் சொல்வதானால் 10 தோட்டாக்கள் என்று எழுதலாம்.