கழியொலி, டொப்ளர்

வன்னியில் ‘ஸ்கான் எடுத்தாச்சா?’ என்று கேட்டால், கேட்பது கழியொலிச் சோதனையை, அதாவது ‘அல்ட்ராசவுண்ட்’டைப் பற்றித்தான். கிளினிக்கில் ‘டொப்ளர்’ என்பது பெரும்பாலும் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கையடக்கக் கருவி. இரண்டிலும் ஒலி ஒன்றே. அறியும் விதம் வேறு: ஸ்கான் உருவைக் காட்டும், டொப்ளர் அசைவைக் கண்டறியும். கருவின் முதற் கிழமைகளில் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருக்க வேண்டும்.

‘அல்ட்ரா’ இலத்தீன் சொல். அப்பால் என்று பொருள். மனிதச் செவி சுமார் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். அதைக் கடந்தது கழியொலி. ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்கிறது நன்னூல். கழி என்றால் மிகுதி. கழியூதாக் கதிர் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தமிழகத்தில் வழங்கும் ‘மீயொலி’யும் நல்ல சொல்தான். ஆனால் ஒலியை விஞ்சும் விமானத்துக்கும் அதையே சொல்வதால், கழியொலியே தெளிவு. ‘ஸ்கான் கதிர்’ என்பது மட்டும் பிழை. இதில் எக்ஸ்ரே போன்ற கதிர் எதுவும் இல்லை. வீண் பயத்தை உண்டாக்குவது அந்தச் சொல்தான்.

‘ஸ்கான்’ என்பதன் இலத்தீன் வேர் ஏறுதலைக் குறித்தது. பிறகு செய்யுளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதற்கு, நம் யாப்பில் அலகிடுதல் என்போமே, அதற்கு வழங்கியது. திரையிலும் படம் கோடு கோடாகத்தான் விழுகிறது.

கிழமைக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்கும். யோனிவழிப் பார்த்தால் 5ஆம் கிழமையளவில் கருவின் நீர்ப்பையும், 5½இல் மஞ்சட்கருப் பையும், 6இல் துடிப்பும் தெரியும். வயிற்றின் மேலாகப் பார்த்தால் இவை பிந்தியே தெரியும். திகதி பிசகினாலும் துடிப்பு ‘இல்லாமல்’ போகும். அதனால் யோனிவழி அளந்த கரு 7 மில்லிமீற்றரை எட்டியும் துடிப்பில்லை என்றாலோ, நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீற்றரை எட்டியும் கருவில்லை என்றாலோதான் கரு கலைந்ததெனக் கொள்வார்கள். அதற்குக் குறைவென்றால் குறைந்தது 7 நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பச் சோதனை நேர்மறையாகியும் கருப்பை வெறுமையாக இருந்து, அடிவயிற்று நோவோ தலைச்சுற்றோ இருந்தால் கரு கருப்பைக்கு வெளியே பலோப்பியன் குழாயில் தங்கியிருக்கலாம். துணுக்காய், முத்தையன்கட்டு போன்ற தூர ஊர்களில் இருப்பவர் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டொப்ளர் ஒரு மனிதரின் பெயர், மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒஸ்ரியரான கிறிஸ்ரியன் டொப்ளர் 1842இல் இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்க முன்வைத்த கருத்து இது. மாங்குளம் கடவையில் நின்றால் காதாலேயே அறியலாம்: றெயில் கூவிக்கொண்டு நெருங்கும்போது சுருதி ஏறியிருக்கும், கடந்ததும் இறங்கும். றெயிலின் இடத்தில் ஓடும் குருதிக் கலங்களை (செல்களை) வையுங்கள். ஓட்டத்தைத் திரையில் நிறமாகக் காட்டும் நிற டொப்ளரில் வழக்கமாகச் சிவப்பு என்பது, உடலில் வைக்கும் கருவியான புறோப்பை நோக்கி வரும் ஓட்டம், நீலம் விலகும் ஓட்டம். சிவப்பு நாடி, நீலம் நாளம் என்று பொருளல்ல. ஓட்டத்துக்குச் செங்குத்தாகப் புறோப்பைப் பிடித்தால், குருதி ஓடினாலும் நிறம் விழாது.

ஒலியை விட்டு விட்டு அனுப்பும் ‘துடிப்பு டொப்ளர்’ (pulsed Doppler) ஒரே புள்ளியில் சக்தியைக் குவிப்பதால் அந்த இடம் சூடாகலாம். அதனால் முதல் 10 கிழமைகளில் வழமையாக அதைப் பயன்படுத்துவதில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ண, அசைவைக் கோடாக வரையும் ‘எம்-மோட்’ போதும். பிறகு, தேவைப்பட்டால், திரையிலுள்ள வெப்பச் சுட்டெண் 1ஐத் தாண்டாமல் சுருக்கமாகச் செய்ய வேண்டும்.

கையடக்க டொப்ளரில் 12 கிழமைக்கு முன் ஒன்றும் கேட்காதது வழமை. கேட்டாலும் அது தாயின் குருதிக் குழாயாக இருக்கலாம். கேட்கும்போதே தாயின் மணிக்கட்டு நாடியையும் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே அடித்தால் அது பிள்ளையின் துடிப்பல்ல.