சனிக்கிழமை அண்ணன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், சொந்தக்காரர்களும் பஸ் ஏறிவிடுவார்கள். குழந்தைகள் மனநல ஆலோசகரான என்னிடம் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள் வருவது அதற்கு மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான். "படிப்புல கவனமே இல்லை" என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருப்பார்கள்.

அப்படி வந்தவன் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பா சாலை விபத்தில் இறந்துவிட்டார். சாவு வீட்டில் ஆளாளுக்கு அவன் தலையைத் தடவி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவைப் பாத்துக்கணும்" என்றிருக்கிறார்கள். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். நடு ராத்திரியில் எழுந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். அம்மா வேலையிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனையில் போய் நின்றுவிடுவான். அழவே இல்லை. எல்லோரும் "சமத்துப் பிள்ளை" என்றார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவனுக்கு வழிகாட்டியாக ஒரு கல்லூரி மாணவரை ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம். முதல் ஆறு வாரம் அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைப்பது, கழன்ற செயினை மாட்டுவது, அவ்வளவுதான். ஏழாவது வாரம், கையெல்லாம் கிரீஸோடு, "அப்பா இந்தப் பக்கத்துலேருந்து மாட்டுவாரு" என்றானாம். அப்புறம்தான் வாய் திறந்தது.

சின்னக் குழந்தைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பதே பிடிபடாது. அதனால்தான் "அப்பா வெளியூர் போயிருக்காரு", "சாமிகிட்ட தூங்குறாரு" என்று சொல்ல வேண்டாம் என்கிறேன். சில பிள்ளைகள் அதைக் கேட்ட பிறகு தூங்கவே பயப்படுவார்கள். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று சொல்ல நாக்கு எழாதுதான். ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை இழந்த ஒரு சிறுமிக்கு, எத்தனை நாள் வர முடியும் என்று கேட்காமலே வழிகாட்டியாக ஓர் அக்காவை அனுப்பினேன். பரீட்சை வந்ததும், மூன்றாம் மாதமே, சொல்லாமல் கொள்ளாமல் அவர் நின்றுவிட்டார். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று அந்தக் குழந்தை என்னிடம் கேட்டாள். இப்போதெல்லாம் குறைந்தது ஒரு வருடம் வர முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை. பின்னணி விசாரித்து, வீட்டார் கண்ணெதிரே சந்திக்கவைக்கிறோம். விடைபெறும் நாளையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பண உதவியும் இருக்கிறது. தகுதியுள்ள குழந்தைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 2,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைக்கலாம். விண்ணப்பம் நிரப்பும் அன்று குழந்தையின் அம்மாவோடு கூடப் போய் உட்காருங்கள்.

போன மாதம் அந்தப் பையனின் அம்மா குறை சொல்ல வந்தார். "வேலை முடிஞ்சு வந்தா வீடு பூட்டிக் கெடக்கு மேடம். இவன் கிரவுண்டுல பேட்டோட நிக்கிறான்."